மாமியார் குரலில் பேசிய ஆணி

"வலது காலை எடுத்து வச்சு உள்ளே வாம்மா" என்றார் டாக்டர் மங்கையர்க்கரசி, ஆரத்தித் தட்டும் கையுமாக.

புது மருமகள் நித்திலா வலது காலைத் தூக்கினாள். உடனே அந்தக் காலுக்குள்ளிருந்து அதே டாக்டரின் குரல் அதட்டியது: "படி ஏறும்போது நல்ல கால் முதல்ல! எத்தனை தடவை சொல்றது?" தொடைத் தசை இறுகிப் பிடிக்க, கால் அந்தரத்தில் நின்றது.

காலுக்குள் இருந்த அந்த 'அறிவாணி', எலும்பு டாக்டரான அவரது சொந்தக் கண்டுபிடிப்பு. முறிந்த எலும்புக்குள் ஆணியை இறக்கி, "எலும்பு சேரும்வரை பாரம் ஏற்றாதீங்க" என்று தொண்டை கிழியச் சொல்லி அனுப்பினால், நோயாளிகள் மறுவாரமே மாடி ஏறிவிடுவார்கள். திருகு ஒடியும், ஆணி வளையும், ஒரு கால் குட்டையாகும், பாதம் பக்கத்து வீட்டைப் பார்க்கும். பழி மட்டும் டாக்டர் தலையில் விழும். போதுமடா சாமி என்று அவர் ஆணிக்கே அறிவு வைத்துவிட்டார். தப்பான அடி எடுத்து வைத்தால் அது தசைக்கு மின்துடிப்பு அனுப்பிக் காலை நிறுத்தும். எலும்பை அதிரவைத்துப் பேசும். தம் குரலென்றால்தான் பயப்படுவார்கள் என்று டாக்டரே உட்கார்ந்து பேசிப் பதிவு செய்தார். எலும்பு சேரும்வரை அதை யாராலும், அவராலும்கூட, அணைக்க முடியாது.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, வலது கால் முறிந்து ஆஸ்பத்திரிக்கு வந்த நித்திலாவை டாக்டரின் மகன் செழியன் பார்த்தான். பிறகு பார்த்துக்கொண்டே இருந்தான். எலும்பு சேருவதற்குள் முகூர்த்தம் வந்துவிட்டது.

"இடது காலை வச்சே வரட்டும்மா" என்றான் செழியன்.

"வாயைக் கழுவுடா! ராகுகாலம் வேற வரப்போகுது!"

ஆஸ்பத்திரியில் அவர் விஞ்ஞானி, வாசற்படியில் மாமியார். ஒற்றைப் பிள்ளையின் வாழ்க்கை இடது காலில் தொடங்குவதா? குனிந்து, மருமகளின் முட்டிக்கு நேராகக் கெஞ்சினார்: "நான்தான் டாக்டர் பேசறேன். ஒரே ஒரு அடி. விட்டுடு."

"டாக்டர் சொன்னாங்கன்னு இப்படித்தான் எல்லாரும் புளுகறீங்க" என்றது ஆணி. "சிபாரிசெல்லாம் செல்லாது."

தெருவே சிரித்தது. டாக்டருக்கு அவமானத்தில் காது சிவந்துவிட்டது.

"அத்தை, இறங்கும்போது எந்தக் கால் முதல்ல?" என்று கேட்டாள் நித்திலா.

"அடிபட்ட கால். இதுகூடவா மறந்து..." என்றவர் பாதியில் நிறுத்தினார். "அடேய் செழியா, முக்காலியைக் கொண்டாடா!"

நிலைப்படிக்கு வெளியே உயரமான முக்காலியைப் போட்டார்கள். நித்திலா இடது காலால் அதில் ஏறி, செழியன் கையைப் பிடித்துக்கொண்டு, வலது காலை முதலில் வீட்டுக்குள் இறக்கினாள்.

"அப்படித்தான், என் ராசாத்தி" என்றது ஆணி.

டாக்டருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆரத்தியைத் தெருவில் கொட்ட விறுவிறுவென்று வெளியே போனார். முக்காலியை யாரும் எடுத்திருக்கவில்லை.

மறுநாள் அவர் காலுக்குள்ளும் ஓர் அறிவாணி ஏறியது.

வீடு திரும்பிய பிறகு மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு கைத்தடியுடன் கூடத்தில் நடை பழகினார்கள். "மெதுவா! முதுகை நிமித்து! யாரைக் கேட்டு வேகமாப் போறீங்க?" என்று டாக்டரின் கால் டாக்டரையே விரட்டியது.

"ஐயோ, இந்தப் பொம்பளை வாயை மூடவே மாட்டாளா?" என்று வெடித்தார் டாக்டர். "எப்படிம்மா இத்தனை மாசம் இவளைத் தாங்கினே?"

நித்திலா சிரித்தாள். "இனிமே வீட்டுலயும் இதே குரல்தான்னு தெரிஞ்சுதானே அத்தை கல்யாணம் பண்ணிக்கிட்டேன்."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகளின் கையைப் பற்றிக்கொண்டு, வாழ்நாளில் யாரிடமும் கேட்டிராத மன்னிப்பைக் கேட்க வாயெடுத்தார்.

"நடக்கும்போது என்ன பேச்சு?" என்று இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் அதட்டின.