ஒட்டாத மன்னிப்பு

திரைச்சீலையை விலக்கினால் பித்தளை வளையங்கள் கம்பியில் உரசிக் கிலுகிலுக்கும். இம்முறை சத்தமே இல்லை. ஆனால் தட்டிக்கு அந்தப் பக்கம் முழந்தாளிடும் பலகை மெல்ல முனகியது. யாரோ தன் முழுக் கனத்தையும் அதில் இறக்கியிருந்தார்கள்.

இளையவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கத்தோலிக்கக் குருக்களாவதற்குப் படிக்கும் அந்தக் குருமடத்தில் அவனுக்கு அதுதான் பெயர், ஏனென்றால் அவனுக்கு முன்னால் அங்கே படித்தவன் அவன் அண்ணன்.

கடைசி வருட மாணவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கும் பயிற்சி உண்டு. பழைய சிற்றாலயத்தில், தொட்டி என்று சொல்லும் பாவசங்கீர்த்தன மரக்கூண்டுக்குள் ஒருவன் குருவைப்போல் உட்காருவான். இன்னொருவன் மரத்தட்டிக்கு அப்பால் முழந்தாளிட்டுக் கற்பனைப் பாவங்களைச் சொல்லுவான். பேராசிரியரின் கண்டிப்பு ஒன்றே ஒன்றுதான். பாவமன்னிப்பு வாக்கியத்தை வாய் தவறியும் சொல்லக் கூடாது. குருப்பட்டம் பெறாதவன் சொன்னால் அது செல்லாது, குற்றமும்கூட. அந்த இடம் வந்ததும் மரச்சட்டத்தில் ஒரு தட்டு. அவ்வளவுதான்.

இன்றைக்கு அவனுக்கு இணை ‘மாமா’. ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் குண்டு வகுப்புத்தோழன். போன தடவை, பிஷப் இல்லத்துப் பசுவை ஓட்டிப்போய் விற்றுவிட்டதாக விசும்பிக் காட்டி, பரிகாரமாகச் சாணி அள்ளட்டுமா என்று கேட்டவன்.

இளையவனுக்கு இன்று சிரிக்க மனமில்லை. காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. மாலைச் செபம் முடிந்ததும் குருமட அதிபரிடம் போய், வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிடுவதாக இருந்தான். விடுமுறைக்கு வந்துகொண்டிருந்த அண்ணன் பேருந்து கவிழ்ந்து, கடைசிப் பாவமன்னிப்புத் தர ஒரு குரு வராமலே சாலையோரம் செத்தான். அழுது முடித்த கையோடு அம்மா அவனுடைய அங்கியை இவனுக்கு மாட்டிப் பார்த்தாள். தன்னை இங்கே கொண்டுவந்தது தேவ அழைத்தலா, அம்மாவின் அழுகையா என்று தன்னையே கேட்டுக் கேட்டு இவன் சலித்துவிட்டான்.

வெளியே மழை பெய்யாமல் மூட்டம் கட்டி நின்றது. அணைந்த மெழுகுவர்த்தியின் வாடை, ஈரச் சுண்ணாம்பின் வாடை, புழுங்கிய துணியின் வாடை எல்லாம் தொட்டிக்குள் அடைந்து கிடக்க, அவற்றுக்கு அடியிலிருந்து, இங்கே வர வழியே இல்லாத டீசல் வாடை தட்டியின் துளைகள் வழியாக ஊர்ந்து வந்தது.

“சொல்லுங்க” என்றான்.

“சாமி, நான் பாவசங்கீர்த்தனம் பண்ணி ரொம்ப நாளாச்சு.”

மாமாவுக்குக் குரல் மாற்றிப் பேச வரும். அதுதான் என்று நினைத்துக்கொண்டான்.

குரல் அவசரப்படாமல் சொல்லிக்கொண்டே போனது. குருவாக வேண்டும் என்று தனக்கு ஒருநாளும் தோன்றியதில்லையாம். அம்மாவிடம் சொல்லப் பயமாம். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டானாம்.

“விடுமுறைன்னு பொய் சொன்னேன். ஓடித்தான் வந்துகிட்டிருந்தேன். வழியிலயே முடிஞ்சுபோச்சு.”

இளையவன் தட்டிப் பக்கமாகச் சாய்ந்தான்.

“என்னடா வாலு, அங்கி நீளமா இருக்கா? அம்மா மடிச்சுத் தச்சாளா?”

வாலு. அப்படிக் கூப்பிட ஒருவன்தான் இருந்தான்.

கை தானாகப் போய் மரச்சட்டத்தைத் தட்டியது.

“தட்டினா போதுமாடா? சொல்லு.”

சொன்னான். கையை உயர்த்தி, தந்தை மகன் தூய ஆவியார் பெயரால், மன்னிப்பு வாக்கியத்தை ஒரு சொல் விடாமல் சொன்னான்.

அந்தப் பக்கம் சுரண்டும் சத்தம். பொறுமையாக. ஈரச் சுவரிலிருந்து காகிதத்தை உரிப்பதுபோல.

“ஒட்டலைடா. நீ இன்னும் குருவாகலையே.” ஒரு பெருமூச்சு. “பரவாயில்ல. நீ ஆகற வரைக்கும் இருக்கோம்.”

இருக்கோம்.

சிற்றாலயக் கதவு திறந்தது. செருப்புச் சத்தம். மூச்சு வாங்கியபடி மாமாவின் குரல், அவனுடைய சொந்தக் குரல், தூரத்திலிருந்து கேட்டது.

“கோவிச்சுக்காத தம்பி. காய்ச்சல்ல கிடக்கறவனுக்குக் கஞ்சி குடுத்துட்டு வர நேரமாயிடுச்சு.”

செருப்புச் சத்தம் நின்றது. குரல் தாழ்ந்தது, கூட்டத்தின் நடுவே பேசுவதுபோல.

“நாம ரெண்டு பேருதான்னு நினைச்சேன். இவ்வளவு பேர் நிக்கறாங்களே. சரி, நான் கடைசியிலயே நிக்கறேன்.”

நிக்காதே. ஓடு. நாக்கு எழவில்லை. விரலால் திரையைக் கொஞ்சம் விலக்கினான்.

தொட்டியிலிருந்து பீடத்தின் படிவரை. அங்கிருந்து சுவரோரமாகக் கதவுவரை. வரிசை. ஆஸ்பத்திரி உடுப்பில் ஒருவர். கல்யாணப் புடவையில் ஒருத்தி. தலைமுடியெல்லாம் மண்ணாக ஒரு கிழவர். யாருடைய கையையும் பிடிக்காத ஒரு குழந்தை. குனிந்த தலைகள். ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை.

கடைசியில் மாமா, பவ்யமாகக் கைகட்டி.

அவனுக்கு முன்னால் நின்றவள் திரும்பாமலே நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள். அவன் வரிசைக்குள் வந்தான். அவனுக்குப் பின்னால், மூடிய கதவுக்கும் அவன் முதுகுக்கும் நடுவே, அதற்குள் இன்னொருவர் வந்து நின்றிருந்தார்.