கொற்றவை மறுத்த தலை

வாசகர்களே, வெள்ளாற்று நீர்ப்பரப்பின்மீது பௌர்ணமி நிலவு அப்போதுதான் பொன்னை உருக்கி ஊற்றத் தொடங்கியிருந்தது. கரையிலிருந்த கொற்றவை கோயிலிலே பறையும் கொம்பும் முழங்கின. இத்தனை அழகான அந்திப்பொழுதில் நம் குதிரைப்படைத் தலைவன் பூதி மழவன் பலிக்கல்லின் முன்னே கழுத்தை நீட்டி மண்டியிட்டிருந்தான். முற்றுகையிலிருந்து கோட்டை தப்பினால் தன் தலையைத் தானே அரிந்து தருவதாக அம்மனுக்கு நேர்ந்திருந்தான். கோட்டை தப்பிவிட்டது. பாழாய்ப்போன கோட்டை!

நாடே அவன் வீரத்தை மெச்சியது. உண்மை அவனுக்கு மட்டுமே தெரியும். மூன்றாண்டுகளாக அவன் கழுத்தின் இடப்புறம் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. ஆளை உருக்கிக் கொல்லும் கண்டமாலை நோய்தான் என்று எவரையும் கேளாமலே முடிவு கட்டி, அகன்ற சரப்பளி ஆரத்தால் அதை மறைத்து, உயிராய் நேசித்த அரண்மனை வைத்தியர் மகள் குஞ்சரமல்லியைவிட்டும் காரணம் சொல்லாமல் விலகியிருந்தான். எப்படியும் சாகப்போகிறோம், பேரோடாவது சாவோமே என்று நினைத்துத்தான் நேர்ந்துகொண்டான்.

பலிக்கு முன் கழுத்தில் மஞ்சள் பூசிப் பழுது உண்டா என்று பார்ப்பது அக்கோயில் வழக்கம். ஆரத்தைக் கழற்றிய பூசாரியின் கை சட்டென்று நின்றது.

“தலைவரே, இதென்ன உருண்டை?”

“கொசு கடித்தது, பூசாரியாரே.”

“யானைக் கொசுவோ? காது கிழிந்த கிடாயையே வேண்டாமென்பவள் எங்கள் அம்மன்! இது எப்போது வற்றுமென்று வைத்தியர் சொல்லட்டும், அப்புறம் அரிந்துகொள்ளும்!”

பெண்கள் நுழையலாகாத அப்பலிக்களத்தில், தாடியும் தலைப்பாகையுமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் ஒரு வைத்தியர். கட்டியை அழுத்தினார், அசைத்தார்.

“வலிக்கிறதா? காய்ச்சல்? உடல் இளைத்ததா?”

“இல்லை.”

“பசி எப்படி?”

“கடைசி உணவென்று மூன்று படிச் சோறு உண்டார், மறுசோறும் கேட்டார்” என்றார் பூசாரி.

“கண்டமாலை ஒன்றோடு நிற்காது, வரிசையாய்த் தொடுத்துச் சீழ்பிடிக்கும். இதுவோ தனியாய்ப் பெருத்த ஒற்றை நெறிக்கட்டி. மிக அரிது, ஆளைக் கொல்லாது. என் தந்தை இருவரிடம் கண்டிருக்கிறார். ஒருவர் எண்பது வயதில் மாடு முட்டி இறந்தார். மற்றவர் இன்னும் சாகவில்லையே என்று மருமகள் புலம்புகிறாள்.”

“வற்றுமா?” என்றார் பூசாரி.

“வற்றாது. இருந்துவிட்டுப் போகும்.”

“அப்படியானால் இந்தத் தலை அம்மனுக்கு என்றைக்கும் ஆகாது!” என்று மழவன் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கினார் பூசாரி. “முடியை மட்டும் இறக்கிவிட்டுப் போம்!”

மழவன், மூன்றாண்டு வீணாய்ச் செத்துக்கொண்டிருந்தோமே என்று குழந்தைபோல் விம்மினான். அப்போது தோளில் சுடச்சுட ஒரு துளி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தான். வைத்தியரின் தாடி கண்ணீரில் நனைந்து ஒருபக்கமாய்த் தொங்கியது.

“மல்லி! நீயா?”

“ஆற்றில் நீராடும்போதுகூட ஆரத்தைக் கழற்றாத மனிதர் எதையோ மறைக்கிறார் என்று எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, பாவி!”

பூசாரி மறுபுறம் திரும்பி, விளக்குத் திரியைத் தூண்டலானார்.

“அம்மனுக்கு நீட்டிய கழுத்தை உனக்கே நீட்டுகிறேன். மாலையிடுவாயா?” என்றான் மழவன், மண்டியிட்டபடியே.

“நன்றாக நீட்டும்” என்றாள் குஞ்சரமல்லி. “அம்மனைப்போல் நான் பழுது பார்ப்பதில்லை.”