சின்னப் பிள்ளைகள் நிரை

"இன்னிக்கு ஒரு நாள்... ஒரே ஒரு நாள் அந்த வாயை மூடி வச்சிரு பேச்சி! உனக்குப் புண்ணியமாப் போகும்!"

கங்காணி வீரமுத்து தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டே சொன்னார். ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குத் தப்பு அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அடுப்பில் வரக்காப்பி கொதித்து வழிந்துகொண்டிருந்தது. பேச்சியம்மாள் அதை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

மலாயாவின் பத்து பகாட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர்த் தோட்டத்துக்கு அன்று கூலியாட்களின் குறைகளை விசாரிக்கும் லேபர் துரை வருகிறார். சின்னப் பிள்ளைகளை வேலைக்கு விடக்கூடாது என்று சர்க்காரில் சட்டம் வந்திருந்தது. ஆனால் அந்தத் தோட்டத்தில் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளெல்லாம் மலைக்காட்டு ரப்பர் மர நிரைகளில் குனிந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். துரை வரும் நேரத்தில் அவர் கண்ணில் படாமல் அவர்களை மேட்டுக்கு அந்தப் பக்கம், ஆள் குடியில்லாத பழைய லயத்து வீடுகளுக்குள் அடைத்து வைக்கும்படி, தோட்டத்துத் தலைமைக் கணக்கரான பெரிய கிராணி உத்தரவு போட்டிருந்தார்.

"அதுங்க பச்சப் புள்ளைங்க... கை பாத்தீங்களா? எல்லாம் கொப்புளம்!"

"என்னை என்ன செய்யச் சொல்றே? அதுங்க நிரைதான் தோட்டத்துலயே சுத்தமா இருக்குன்னு பெரிய கிராணிக்கு அம்புட்டு சந்தோஷம். பெரியவங்களை விட நல்லாச் செய்யுதாம்! அதான்... இன்னும் சின்னதுகளையும் சேக்கச் சொல்லிட்டாரு." வீரமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கங்காணி மக மட்டும் வீட்டுல இருந்தா சனங்க கேக்கும்ல? சந்திரமதியும் இன்னிலேருந்து வரணும்."

பேச்சியம்மாள் திரும்பிப் பாயைப் பார்த்தாள்.

சந்திரமதி அவர்களுடைய ஒரே மகள். பாயில் சுருண்டு படுத்துக் கட்டை விரலைச் சூப்பிக்கொண்டு தூங்கினாள். ஆனால் பேச்சியம்மாளைச் சுட்டது அது மட்டுமல்ல. அந்த நிரைகள் ஏன் சுத்தமாக இருந்தன என்பது அவளுக்கு மட்டும்தானே தெரியும்!

அவள் ஆயாக் கொட்டகையில் வேலை செய்பவள். தாய்மார்கள் ரப்பர்ப் பால் வெட்டப் போகும்போது விட்டுச் செல்லும் கைக்குழந்தைகளை மதியம்வரை பார்த்துக்கொள்வாள். அவர்கள் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனதும் யாருக்கும் தெரியாமல் மலைக்காட்டுக்கு ஏறிவிடுவாள். நிரையை முடிக்காத பிள்ளைக்குக் கிராணியின் பிரம்படி நிச்சயம். அதனால் பிள்ளைகளை மர நிழலில் உட்காரவைத்துவிட்டு, மிச்சம் கிடக்கும் புல்லையெல்லாம் இவளே பிடுங்குவாள். இருட்டுவதற்குள் வீடு திரும்புவாள். மாதக்கணக்காக இப்படியே நடந்தது.

'ஐயோ... நான் செஞ்ச உபகாரமே பிள்ளைங்களுக்கு வினையாப் போச்சே!'

"என்னடி மரமாட்டம் நிக்கிறே?" மாமியார் வெள்ளையம்மா வெற்றிலையை மடித்தபடி ஆரம்பித்தாள். "மத்தியானம் ஆனா எங்கயோ ஊர் சுத்தப் போயிடுறே! விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆடி அசைஞ்சு வர்றே! ஒரு நாளாவது கேட்டிருப்பேனா? ஆனா என் மவன் பொழப்புல மண்ணைப் போட்டே... இந்த வீட்டுப் படியை மிதிக்க விடமாட்டேன், சொல்லிட்டேன்!"

"அத்தை... உங்க பேத்தியையும் புல்லுக்கு இழுக்கிறாங்களே..."

வெள்ளையம்மாவின் கை வெற்றிலையோடு அந்தரத்தில் நின்றது. அவள் பாயைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள்.

பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிங்க. உங்க மேல ஆணை. துரை முன்னால நான் வாயே தொறக்க மாட்டேன்."

லேபர் துரை வந்து சேர்வதற்குள் நடுப்பகலாகிவிட்டது. நெட்டையான வெள்ளைக்காரர். கூடவே மொழிபெயர்க்க வந்த குமாஸ்தா அம்பிகைபாகன், யாழ்ப்பாணத்துக்காரர். ஆயாக் கொட்டகையில் தூளிகள் ஆடிக்கொண்டிருந்தன. பெரிய கிராணி சிரித்த முகத்தோடு, "இந்தத் தோட்டத்தில் இருப்பது இந்தக் கைக்குழந்தைகள் மட்டுந்தான் துரை!" என்றார். வீரமுத்து பின்னால் கைகட்டி நின்றார். அவர் நெற்றி வேர்த்துக்கிடந்தது.

துரை பேச்சியம்மாளைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"அம்மா, துரை கேக்கிறார்," என்றார் அம்பிகைபாகன். "இந்தத் தோட்டத்திலை வளந்த பிள்ளையள் ஒருத்தரும் இல்லையோ? பயப்பிடாதேங்கோ, சொல்லுங்கோ."

பேச்சியம்மாள் கணவரைப் பார்த்தாள். அவர் கண்கள் கெஞ்சின. அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையைக் குனிந்தாள். கிராணியின் சிரிப்பு இன்னும் அகலமானது.

அவள் மெல்லத் திரும்பினாள். கொட்டகை ஓரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கியது. மதியக் கஞ்சி வெந்துவிட்டால் மலைக்காட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட அதைத்தான் அடிப்பாள். இரும்புக் கம்பியை எடுத்தாள்... ஓங்கி அடித்தாள்!

டாண்! டாண்! டாண்!

"ஏய்! நிறுத்து!" என்று கிராணி பாய்வதற்குள் மேட்டின் உச்சியில் ஒரு தலை தெரிந்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் ஒரு கூட்டம்! கையில் தேங்காய்ச் சிரட்டையும் தகரக் குவளையுமாக, சேறும் ரப்பர்ப் பாலும் காய்ந்த உடம்போடு, "கஞ்சி! கஞ்சி!" என்று கூவிக்கொண்டு பிள்ளைகள் சரிவில் உருண்டு புரண்டு ஓடி வந்தார்கள். வெளியே தலை காட்டினால் பிரம்படி என்று மிரட்டித்தான் அடைத்திருந்தார்கள். ஆனால் பசிக்கு எந்தக் கிராணி உத்தரவு போட முடியும்?

எல்லாருக்கும் முன்னால் சந்திரமதி! "அப்பா!" என்று கங்காணியின் காலைக் கட்டிக்கொண்டாள்.

துரையின் முகம் சிவந்தது. அம்பிகைபாகன் குழந்தையின் முன் குந்தினார்.

"பிள்ளை, நீங்கள் எல்லாரும் புல்லுப் பிடுங்கிறனீங்களோ?"

"ஆமா! நான் இன்னிக்குத்தான் சேந்தேன்," என்றாள் சந்திரமதி பெருமையாக. "இவங்க நிரைதான் தோட்டத்துலயே சுத்தம்! எப்படித் தெரியுமா? எங்கம்மா தெனமும் வந்து இவங்களை உக்கார வச்சிட்டுத் தானே எல்லாத்தையும் புடுங்குமாம்! ரகசியம்னு சொன்னாங்க..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பெரிய கிராணி பதறிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எல்லாம் இந்தக் கங்காணி செய்த வேலை துரை! எனக்கு ஒன்றுமே தெரியாது!" என்று கிராணி அலறினார்.

வீரமுத்து நிமிர்ந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஆமாங்க துரை. நான்தான் விட்டேன். கிராணி சொன்னாருன்னு விட்டேன். இன்னிக்கு நான் பெத்ததையும் விட்டேன்... எனக்குத் தண்டனை குடுங்க. ஆனா இனிமே ஒரு புள்ளையும் என் கண்ணு முன்னால நிரையில இறங்காது!"

அவர் பேச்சியம்மாளின் கைகளைப் பிடித்து விரித்துப் பார்த்தார். உள்ளங்கை முழுக்க லாலான் புல் அறுத்த கீறல்கள். ஆறியதன் மேல் புதியது. புதியதன் மேல் இன்னொன்று.

"இந்தக் கையாலதான் எனக்குச் சோறு போட்டியா... ஒரு வார்த்தை சொல்லலியே பேச்சி!"

"சொன்னா நீங்க கிராணிக்கும் எனக்கும் நடுவுல கெடந்து தவிப்பீங்களே..."

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு உருவம் வந்தது. வெள்ளையம்மா! பேத்திக்கென்று அவித்த முட்டையை மடியில் கட்டிக்கொண்டு பழைய லயத்தைத் தேடி வந்தவள், மணிச் சத்தம் கேட்டுக் கொட்டகைக்கே வந்து, கூட்டத்தின் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"நீ ஊர் சுத்தப் போறதா சொன்னேனே... பாவி, என் நாக்கு அழுகாதா!" மருமகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். மாமியாரும் மருமகளும் ஓவென்று அழுதார்கள். என்னவென்று தெரியாமல் தூளியில் கிடந்த குழந்தைகளும் சேர்ந்து அழ ஆரம்பித்தன. அதைப் பார்த்து, கஞ்சிக்குக் காத்து நின்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் பேச்சியம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பெரிய கிராணி அந்த மாதமே மூட்டை கட்டினார். வீரமுத்துவின் கங்காணி வேலையும் போயிற்று. அவர் உளியை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு பால் வெட்டப் போனார். "அதட்டி அதட்டித் தொண்டை வலிச்சது நின்னுருச்சு," என்று சொல்லி ராத்திரியில் நன்றாகத் தூங்கினார். ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடத்துக்கென்று ஓலைக் கொட்டகை போட்டார்கள், ஒரு வாத்தியாரும் வந்தார். பிள்ளைகளின் கூலி போகிறதே, அனுப்ப மாட்டோம் என்று முறுக்கிக்கொண்ட பெற்றவர்களின் லயத்து வாசல்களில் பேச்சியம்மாள் போய் உட்கார்ந்தாள். திட்டினால் கேட்டுக்கொண்டாள், அழுதால் சேர்ந்து அழுதாள். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொள்ளாமல் எழுந்து வரவில்லை.

ஒரு நாள் காலை அம்பிகைபாகன் காரில் வந்து இறங்கினார்.

"மற்றத் தோட்டங்களிலையும் இதே கதைதான் அம்மா. துரை கேட்டால் பொம்பிளையள் ஒருத்தரும் வாய் திறக்கினமில்லை. நீங்கள் கேட்டால் சொல்லுவினம். பிள்ளையளுக்காகப் பேசுறதுக்கு ஒரு ஆள் வேணும்... கூட வாறியளோ?"

பேச்சியம்மாள் தயங்கினாள். "வீடு இருக்கு... அத்தைக்கு வேற முட்டி வலி..."

"யாருக்குடி முட்டி வலி?" உள்ளேயிருந்து வெள்ளையம்மாவின் குரல் பாய்ந்தது. "அதெல்லாம் போன வாரமே போயிருச்சு! வா இங்க!"

மருமகளை உட்கார வைத்து, எண்ணெய் தடவி, இழுத்துப் பின்னினாள். தன் பெட்டியிலிருந்த கண்டாங்கிச் சேலையை எடுத்துக் கட்டிவிட்டாள். வாசலுக்கு வந்ததும் காரின் பின்கதவைத் திறக்கப் போன டிரைவரை அதட்டினாள்.

"என் மருமவ முன்னாலதான் உக்காருவா! நாலு தோட்டத்துச் சனமும் பாக்க வேண்டாமா?"

அம்பிகைபாகன் சிரித்துக்கொண்டே பின்னால் போய் உட்கார்ந்தார். வீரமுத்து முன்கதவைத் திறந்து பிடித்தார். பெண்டாட்டிக்குக் கதவு திறக்கிறாரே என்று லயமே கேலி செய்தது. அவர் வெட்கப்படவே இல்லை.

வண்டி கிளம்பியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் "ஆயாம்மா! ஆயாம்மா!" என்று கத்திக்கொண்டு செம்மண் ரோட்டில் கூடவே ஓடினார்கள். வெள்ளையம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"பொழுது சாயறதுக்குள்ள வந்துரு பேச்சி!"

அடுத்த நொடியே ஏதோ நினைத்துக்கொண்டவள் போல, கையை உயர்த்தி இன்னும் பலமாகக் கூவினாள்.

"வேணாம்டி! நிதானமா வா! எல்லாப் புள்ளைங்களையும் பாத்துட்டே வா!"