இடுப்பு உயரத்தில் எடுத்த படங்கள்

படத்தில் சமையலறைத் திரைச்சீலை நீலமாக இருந்தது. அவளுக்கு முதலில் உறைக்கவில்லை. அடுத்த படத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தாள். நீலம்தான். நாத்தனார் இந்த வீட்டில் இருந்தவரை அங்கே தொங்கியது பழுப்புத் துணி. நீலத்தை வாங்கி மாட்டியது, அவரைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்த மறுவாரம்.

சனிக்கிழமை பிற்பகல். கணவன் வேலைக்குப் போயிருந்தான், மகள் உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு வீட்டுப் படங்களையெல்லாம் ஒரு புத்தகமாக்கிக் கொடுக்கலாம் என்று, காப்பகத்திலிருந்து வந்த பெட்டியைப் பிரித்துக் கேமராவை எடுத்திருந்தாள். நாத்தனார் இறந்து மூன்று மாதமாகியும் யாரும் தொடாத பெட்டி.

கணவனின் அக்காவான அவர், பத்திரிகையொன்றில் புகைப்படக்காரராக இருந்தவர். பக்கவாதம் காலை முடக்கிப்போட்டதும் தம்பி வீட்டோடு வந்துவிட்டார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே நாளெல்லாம் படம் எடுப்பார். வரிசையாக நின்று சிரிக்கிற படம் அவருக்கு ஆகாது. மூக்கு ஒழுகும் குழந்தை, வாயெல்லாம் நுரையோடு பல் துலக்கும் தம்பி, வெங்காயம் உரித்துக் கண்ணைக் கசக்கும் தம்பி மனைவி. "ஒரு காலத்துல இதைத்தான் தேடுவீங்க" என்பார். எல்லாமே இடுப்பு உயரத்திலிருந்து எடுத்தவை. எதிலும் யாரும் கேமராவைப் பார்ப்பதில்லை.

குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம்கூட அவளுக்குப் பரவாயில்லை. அந்தக் கண் எந்நேரமும் முதுகில் ஊர்வதைத்தான் தாங்க முடியவில்லை. "பத்தே நாள் அண்ணி, நல்லாப் பாத்துக்குவாங்க" என்று சொல்லித்தான் கொண்டுபோய் விட்டாள். பத்து நாள், பதினான்கு மாதமாயிற்று.

கணவனுக்குப் போன் போட்டு, காப்பகத்திலிருந்து கேமராவை எப்போதாவது வீட்டுக்குக் கொண்டுவந்தாயா என்று கேட்டாள். இல்லையே, அக்கா அதைக் கடைசிவரை தலையணைக்கடியில்தான் வைத்திருந்தாளாம், பெட்டியைத் தரும்போது காப்பகத்தில் சொன்னார்கள் என்றான். ஏன் இப்போது அதைக் கிளறுகிறாய் என்று சோர்வாகக் கேட்டுவிட்டு வைத்தான்.

மேலே மின்விசிறி ஒரே சீராகக் கிறீச்சிட்டது. சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, வியர்த்த கட்டை விரலால் பொத்தானை அழுத்தினாள். அந்த நீலத் திரைச்சீலைக்கு முன்னால் ஒருத்தி முதுகு காட்டி நிற்கிறாள், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு தட்டைக் கழுவுகிறாள், குழாய்த் தண்ணீர் பாதி வழியில் உறைந்து நிற்கிறது. அது அவள்தான். அன்று யார் கூப்பிட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். காப்பகத்துச் செவிலி.

"வீட்டுக்குப் போகணும்னு ராப்பகலா அழறாங்கம்மா. தம்பிகிட்டச் சொல்லச் சொல்றாங்க."

சொல்கிறேன் என்றாள். சொல்லவில்லை. அண்ணி அங்கே சந்தோஷமாக இருக்கிறார், நம்மைப் பார்த்தால்தான் மனசு கலங்குதாம், கொஞ்ச நாள் போக வேண்டாம் என்று கணவனிடம் ஒரு கதையைச் சொன்னாள். அவன் நம்பினான். அக்காவைப் பார்க்காமலேயே இருந்துவிட்டான்.

செவிலி மூன்று முறை கூப்பிட்டாள். அப்போதெல்லாம் வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை.

இரண்டாவது படத்தில் அவள் அலமாரி ஓரம் நின்றாள். அதே போன். இன்னும் கிட்டத்திலிருந்து எடுத்தது. கழுத்து வியர்வை தெரிந்தது.

மூன்றாவதில் அவள் தரையில் குந்தியிருந்தாள். சிந்திய மாவைத் துடைத்துக்கொண்டே பேசிய நாள் அது. படம் முழுக்க ஒரு காது. ஒரு போன். காதோரத்துப் பூனைமயிர் ஒவ்வொன்றாய்த் தெரிந்தது. அவ்வளவு நெருக்கம்.

அதற்குப் பின் படமில்லை.

கேமராவை அணைத்து மேசையில் வைத்தாள். மன்னிச்சிடுங்க அண்ணி என்று சொல்ல வாயெடுத்தாள். முகத்தைப் பொத்திக்கொண்டாள். எவ்வளவு நேரமென்று தெரியவில்லை.

கிளிக்.

கையை எடுத்துப் பார்த்தாள். எதிரே மகள், தரையில் முட்டி போட்டு, கேமராவைக் கண்ணோடு ஒட்டி வைத்திருந்தாள்.

"அதக் கீழ வைடி."

மகள் வைக்கவில்லை. ஒரு கண்ணை மூடியபடி, பொறுமையாக, "அசையாதம்மா" என்றாள். பிறகு கேமராவை இம்மியளவு பக்கவாட்டில் திருப்பினாள்.

"அத்தை, நீங்க பாதிதான் தெரியறீங்க. அம்மா பக்கம் நகருங்க."

சோபாவின் இடப்பக்கம் மெல்ல அமுங்கியது.

எழ நினைத்தாள். மடக்கிய காலைக் கீழே இறக்கினாள். தைல வாசனை. ஈரத்துணி வாசனை. காதோரத்து முடியை ஏதோ ஒன்று ஒதுக்கிவிட்டது. மெதுவாக. பக்குவமாக.

"ம், அப்படித்தான்" என்றாள் மகள். "அம்மாகிட்டப் பேசிட்டே இருங்க."

காதில் மூச்சு பட்டது.

அவள் திரும்பவில்லை. எதிரே இருந்த லென்ஸையே பார்த்தாள். அந்த உருண்டைக் கண்ணாடியில் சோபா குட்டியாகத் தெரிந்தது. அதில் இரண்டு தலைகள். ஒன்று, மற்றதன் காதுக்குள் குனிந்திருந்தது.