வெறும் சுருள்

கிளிசரின் குழாயை உருவி லேப் கோட்டுப் பையில் போட்டுக்கொண்ட பிறகும் திரையில் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது.

அக்காவுக்கு உள்ளங்கை வியர்த்தது. காந்தத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவே கம்பிச்சுருள் காலியாகத்தான் கிடந்தது. அதற்குள் கிளிசரின்போல ஹைட்ரஜன் உள்ள ஏதாவது இருந்தால்தான் திரையின் பச்சைக் கோடு ஓரிடத்தில் குழியும். காலிச் சுருளுக்கு நேராகத்தான் ஓட வேண்டும்.

குழாய் உள்ளே இருந்தபோதும், அவள் குமிழைத் திருகினால் நேராகத்தான் ஓடியது. ஒரு வருடம் தோற்றதால் தங்கையோடு ஒரே வகுப்பு, ஒரே மேசை, ஒரே கருவி. இவளுக்கு அந்தச் சிக்னல் பள்ளம் வராது. தங்கை வந்து குமிழைத் தொட்டால் போதும், வந்து நிற்கும்.

"சின்னவளுக்குக் கைராசிம்மா. நீ கொஞ்சம் தள்ளி உக்காரு, உன் காத்து பட்டாலே ஓடிடுது" என்று சிரிப்பார் லேப் அட்டெண்டர்.

ஆராய்ச்சிக்கு ஒருத்தியைத்தான் எடுப்பேன் என்றிருந்தார் பேராசிரியர். சிக்னலைக் காட்ட அவரை அழைத்துவரத்தான் தங்கை போயிருந்தாள். வரட்டும். வந்து நேர்கோட்டைப் பார்க்கட்டும்.

ஆனால் பள்ளம் போகவில்லை.

திரைச்சீலை இழுத்த அறையில் காந்தத்தின் முனகல் ஈரச் சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பிவந்தது. சூடேறிய கம்பியின் வார்னிஷ் வாடைக்குள், தங்கையின் சோப்பு வாசனை அந்தச் சுருளிலிருந்தே கசிவதுபோல் இருந்தது. மின்னோட்டத்தைக் குறைத்தாள். அணைத்தாள். முனகல் அடங்கியது. காந்தம் செத்தும் பள்ளம் இருந்தது.

உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே. விரலை விட்டாலும் சிக்னல் வரும். மறுபடி மின்னோட்டம் கொடுத்து, சுண்டுவிரலைச் சுருளுக்குள் நுழைத்தாள்.

கோடு நேரானது.

எடுத்தாள். பள்ளம். நுழைத்தாள். நேர்கோடு. உள்ளங்கையைத் தடவினாள். வியர்வை இல்லை. காகிதம்போல் சரசரத்தது.

கதவு திறந்தது.

"சார் பின்னாடியே வர்றார். என்னக்கா, குழாயை எடுத்துட்டு விரலை விட்டு விளையாடுறியா? தள்ளு." தங்கை சிரித்தபடி அவள் கையை விலக்கிவிட்டுத் தன் விரலை உள்ளே விட்டாள். "அட, ரெண்டு வருதுக்கா."

பக்கம் பக்கமாக இரண்டு பள்ளங்கள். ஒன்று அசையாமல் நின்றது. மற்றது நடுங்கியது.

அக்கா தன் கையைப் பார்த்தாள். அதே நடுக்கம்.

விரல்களை இறுக மூடினாள். திரையில் இரண்டாவது பள்ளம் சுருங்கியது.

விரித்தாள்.

அவள் கையிலிருந்து வற்றிப்போன ஈரம், தங்கையின் விரலுக்குள் விரிந்தது.