கழற்றி வைத்த ஹார்ட் டிஸ்க்

ஹார்ட் டிஸ்க் மேசை ஓரத்தில் ஒரு துணிமேல் கிடந்தது. தம்பி அதன் கேபிளை இன்னும் சொருகவே இல்லை. ஆனாலும் அந்தப் பழைய கணினிக்குள்ளிருந்து டிஸ்க் சுழலும் கரகரப்பு வந்தது.

மின்விசிறியாக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். மதியம் மூன்று மணி. திரைச்சீலை வழியே வடிந்த மஞ்சள் வெளிச்சமும், திறந்து கிடந்த பெட்டியின் தூசியும், சூடேறிய பிளாஸ்டிக் நாற்றமும், எட்டு மாதமாக யாரும் உட்காராத மாமாவின் நாற்காலியுமாக அந்த அறை எதற்கோ காத்திருப்பதுபோல இருந்தது.

“என்ன டாக்டர், நோயாளி கண் முழிச்சாச்சா?” அக்கா தண்ணீர் டம்ளரோடு வந்து நின்றாள்.

“பழைய மதர்போர்டு, அக்கா. அடம் பிடிக்குது.”

“வாராவாரம் இதையேதான் சொல்ற. உங்க மாமா படமெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. எனக்கு வேற என்னடா மிச்சம்?”

அவன் குனிந்துகொண்டான். அக்காவின் கணவர், அந்த மாமா, இறந்த மறுமாதம், படங்களைப் புது டிஸ்க்குக்கு நகலெடுக்க உட்கார்ந்தவன், எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டான். காலி டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின்மேல் அப்படியே படிந்தது. பதினாறு வருடக் குடித்தனம் நாற்பது நிமிடத்தில் அழிந்துபோனது. கணினி பழுது பார்ப்பதுதான் அவன் தொழில்; வாடிக்கையாளர் என்றால் சொல்லியிருப்பான். அக்காவிடம் வாய் வரவில்லை. ‘ஆன் ஆகமாட்டேங்குது’ என்றான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் நாடகம்: ரேம் அட்டையைக் கழற்றி ரப்பரால் தேய்ப்பது, பேட்டரி மாற்றுவது, உச்சுக்கொட்டுவது. இன்று நடிப்பு சலித்து டிஸ்க்கைச் சொருகவே மறந்திருந்தான்.

திரை ஒளிர்ந்தது.

டிஸ்க் இல்லை என்று வெள்ளை எழுத்துதான் வந்திருக்க வேண்டும். வந்தது படம். பேருந்து நிறுத்தத்தில், மழையில் தொப்பலாக, இளைஞனாக மாமா.

“அடேய், வந்துடுச்சுடா!” அக்கா அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

அடுத்த படம். மருத்துவமனைக் கட்டிலில் மாமா, மிக அருகில், முகமூடிக்குள் மூச்சு வாங்கியபடி. அவர் நெற்றியில் ஒரு கை. அக்காவின் வளையல்.

மாமா இறந்த அன்றிரவு அந்த மருத்துவமனை அறையில் அக்காவைத் தவிர யாரும் இல்லை. கேமராவும் இல்லை.

“யாருடா இது?” என்றாள் அக்கா.

“விளையாடாதக்கா.”

“பாவம், யாரோ. மூச்சுக்குத் திணறுறாரு.”

அவன் பிளக்கைப் பிடுங்கினான். திரை அணையவில்லை. கரகரப்பு வேகமெடுத்தது. படம். படம். அம்மா சமையலறையில். அப்பாவின் சைக்கிள். முதல் வாடகை வீடு. எல்லாமே அக்காவின் கண் உயரத்திலிருந்து. ஒவ்வொன்று விழும்போதும் அவள் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது.

“பார்க்காதக்கா! திரும்பு! உள்ள ஒண்ணுமே இல்ல, நான்தான் அழிச்சேன். நான்தான்க்கா...”

மூக்கு ஒழுகும் சின்னப் பையன், அவனேதான். ஒரு சிறுமியின் விரலைப் பிடித்தபடி, அண்ணாந்து பார்க்கிறான்.

கரகரப்பு நின்றது.

அக்கா திரும்பினாள். முன்பின் தெரியாத மெக்கானிக்குகளிடம் காட்டும் அந்த மரியாதைச் சிரிப்பு.

“சரியாயிடுச்சா சார்?”

அவள் தோளுக்குப் பின்னால் புதிதாக ஒரு படம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கையில் பிளக். திறந்த வாய். அவன்.