வேப்பிலை வாசல்

“ஆயாம்மா... என்னை எங்கயாவது ஒளிச்சு வைங்க!”

அலறிக்கொண்டே பிள்ளைக் கொட்டகைக்குள் பாய்ந்தாள் வள்ளிநாயகி. வயது பத்து. அம்மா இல்லை. அப்பாவை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிப் போய்விட்டான்.

1943. ரந்தாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம். பால் வெட்டப் போகிறவர்களின் பிள்ளைகளைக் காப்பது ஆயா பஞ்சாலையின் வேலை. பதினாறு வருஷ வேலை!

“யாருடி தொரத்துறா?”

“கிராணி! அவரு வீட்டு வேலைக்கு வரணுமாம்...”

பஞ்சாலை வாசலை எட்டிப் பார்த்தாள். போன மாதம், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கம் வீட்டு வேலைக்குப் போனவள் முத்தாயி. உடம்பெல்லாம் சூட்டுக்காயத்தோடு கிணற்றில் பிணமாக மிதந்தாள். வழுக்கி விழுந்தாள் என்று எழுதி மூடிவிட்டான், படுபாவி!

தோட்டத்துக்கு ஒரே பாதை. அதில் கிராணியின் ஆட்கள்.

பஞ்சாலை ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்து வாசலில் செருகினாள். வள்ளியைப் பாயில் கிடத்தினாள். குங்குமத்தைக் குழைத்து முகமெல்லாம் புள்ளி வைத்தாள்.

பூட்ஸ் சத்தம்!

“எங்கடி அந்தப் புள்ள?”

“கிட்ட வராதீங்க கிராணி ஐயா! ஆத்தா வந்திருக்கா!”

“காலைல நல்லாத்தான லா இருந்தா?” சிரித்தான். “இங்க பாரு. இப்ப சயாம் லாரி வருது. கடைசிப் பேரு உன் புருஷன் சன்னாசி. புள்ளயக் குடு... பேர அடிச்சிடறேன்.”

புருஷனா? பிள்ளையா? பஞ்சாலை மெல்ல வாசலை விட்டு விலகி நின்றாள்.

“நீங்களே பாத்துத் தூக்கிட்டுப் போங்கய்யா. ஆனா சட்டை, பூட்ஸோட போனா ஆத்தா சும்மா விடமாட்டா!”

எவனுக்கும் பயப்படாத கிராணிக்கு மாரியாத்தா என்றால் மட்டும் உதறல்! தொப்பி, பூட்ஸ், சட்டை எல்லாம் வாசலில் கழன்றன. கையில் கட்டியிருந்த ஜப்பான் துணியும்தான். அது இருந்தால் எந்தச் சிப்பாயும் அவனைத் தொடமாட்டான்.

மஞ்சள் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு உள்ளே போனான். குனிந்தான்.

வள்ளியின் கண்ணீரில் குங்குமம் கரைந்து ஓடியது!

“அடிப்பாவி... நாடகமா? இரு, ரெண்டு பேரையும் தொலைச்சிடறேன்!”

பாம்... பாம்... லாரி!

கிராணி வெளியே பாய்ந்தான். வாசலில் தொப்பி இல்லை. சட்டை இல்லை. ஜப்பான் துணி, பஞ்சாலை மூட்டிய கஞ்சி அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது!

வந்தவர்கள் புதுச் சிப்பாய்கள். வெற்றுடம்போடு நின்றவனின் பிடரியைப் பிடித்தான் ஒருவன்.

“நான் கிராணி! கிராணி!”

பளார்!

“இவன் யார்?” என்று லாரியில் இருந்தவர்களிடம் சைகையில் கேட்டான் சிப்பாய்.

முன்னால் இருந்தவன் வீரமுத்து. முத்தாயியின் அப்பன்! எழுந்து நின்று, ஜப்பான் முறைப்படி இடுப்பை வளைத்துச் சிப்பாய்த் துரையைக் கும்பிட்டான்.

“கூலி, துவான். பேரு சன்னாசி.”

சிப்பாய், எல்லோரையும் ஏற்றும்போது வாசித்த பட்டியலில் மிச்சமிருந்த கடைசிப் பேருக்குக் கோடு போட்டான். அமிர்தலிங்கம் மூட்டையாக உள்ளே விழுந்தான்.

லாரி புறப்பட்டது. வீரமுத்து பஞ்சாலையைப் பார்த்துத் தலையசைத்தான். அவள் வாய்விட்டு அழுதுவிட்டாள்.

வள்ளி மெல்ல எட்டிப் பார்த்தாள்.

“ஆயாம்மா... கிராணி எங்க போறாரு?”

பஞ்சாலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வேலைக்குத்தான்டி... பொறந்ததுலேருந்து மொதத் தடவையா!”